மண்டை ஓடு விரியாது

ஜூன் 11

தோல் பதனிடும் டேனரிக்கு ரசாயனம் விற்கும் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. அட்டையில் ஒரு பசுமாடு பச்சைப் புல்வெளியில் சந்தோஷமாக நிற்கிறது. அதன் தோல் எங்களிடம் எந்த நிலையில் வருகிறது என்று அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா என்ன?

இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. வார்டு சிஸ்டர் எமிலிதான் எழுதச் சொன்னார். "உன் தங்கச்சிக்கு தெனம் இன்னா ஆவுதுன்னு எழுதி வைப்பா. டாக்டருங்க மாறிக்கினே இருப்பாங்க. நீ மாற மாட்ட இல்ல?"

எழுதுகிறேன். தங்கச்சி பெயர் சங்கமித்ரா. வீட்டில் மித்ரா. வயது இருபத்திரண்டு. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. மூன்று வாரமாகத் தலைவலி, வாந்தி, லேசான காய்ச்சல். கம்பெனியின் முதலுதவி அறையில் ஒரு மாத்திரை கொடுத்து மறுபடி மிஷினில் உட்கார வைத்தார்கள். சூப்பர்வைசர், "லவ் ஃபெயிலியரா? தல வலிக்குதுன்னு அழுவுற" என்று கேட்டானாம். நேற்று காலை கம்பெனி பஸ்ஸில் டிரைவரை "அப்பா" என்று கூப்பிட்டு, இறங்கும்போது குச்சி ஐஸ் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள். அப்பா செத்து ஆறு வருடம் ஆகிறது. பக்கத்து மிஷின் ரெஹானாதான் ஆட்டோ பிடித்து அழைத்து வந்தாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி பார்த்துவிட்டு இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது.

பெண்கள் வார்டு. ஆண்களுக்கு மாலை பார்வையாளர் நேரம் மட்டும். அம்மா உள்ளே. நான் வெளியே வேப்பமரத்தடியில்.

ஜூன் 12

முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா வார்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ராகுலா, வாணாம்டா. தண்டுவடத்துல குத்தினா காலு வராதுன்னு பக்கத்துக் கட்டில்ல சொல்றாங்க."

"பக்கத்துக் கட்டில் எத்தினி படிச்சிருக்குதாம்?" என்று கேட்டுவிட்டுச் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். 

மாலையில் டாக்டர் நிலோஃபர் கூப்பிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தூங்கிப் பல நாள் ஆன கண்கள். "மூளை உறையில டி.பி." என்றார்.

"டி.பி. நுரையீரல்லதானே வரும்?"

"அங்க ஆரம்பிக்கும். அங்கியே நிக்கணும்னு சட்டம் இல்ல." பிறகு, "முதுகுல எடுத்த தண்ணிதான் மூளையைச் சுத்தியும் இருக்கிறது. அதுல வெள்ளணு அஞ்சுக்கு மேல இருந்தாலே அதிகம். இவளுக்கு நூத்துக்கணக்குல இருக்கு" என்றார்.

"வெள்ளணு நோயோட சண்டை போடுறது இல்லையா? வந்தா நல்லதுதானே?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "எங்க வேலை செய்யிற?"

"டேனரியில. ஃபினிஷிங். தோலுக்கு மெருகு ஏத்துறது."

"அப்ப உனக்குச் சொல்றது சுலபம். பச்சைத் தோல் மேல தண்ணி ஊத்துனா?"

"குடிச்சிடும்."

"ஃபினிஷ் பண்ண தோல் மேல?"

"உருண்டு ஓடிடும்."

"மூளைக்குள்ள ஓடுற ரத்தக்குழாய் ஃபினிஷ் பண்ண தோல் மாதிரி. சாமானியமா எதையும் உள்ள விடாது. ஆனா உள்ள கிருமி பூந்துட்டா, ஆள் வேணும்னு ஒரு சேதி வெளிய வரும். அந்த சேதி பட்ட இடத்துல குழாய்ச் சுவர்ல கொக்கி கொக்கியா முளைக்கும். ரத்தத்துல போயிட்டிருக்கிற வெள்ளணுச் சிப்பாய் அதுல மாட்டுவான், உருளுவான், நிப்பான். உடம்பைச் சப்பையாக்கிக்கிட்டு இடுக்குல நுழைஞ்சு உள்ள போயிடுவான். இன்னொரு வழியும் இருக்கறதா இப்ப சொல்றாங்க. மண்டை ஓட்டு எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கில்ல, அங்கேர்ந்து மூளை உறைக்கு நேரா பொடிப் பொடியா பாதை. பக்கத்துலயே ஒரு முகாம்."

"அப்ப ஜெயிச்சிடுவாங்கதானே?"

"சண்டை போட்டா வீங்கும்பா. கையில வீங்கினா தோல் விரியும். மண்டை ஓடு விரியாது. உள்ள இருக்கிறது நசுங்கும். அதனால கிருமிக்கு மருந்து, சிப்பாய்ங்களை அடக்க ஒரு மருந்து. ரெண்டும் சேர்ந்து போகுது."

எனக்குக் கம்பெனி பஸ் நினைவுக்கு வந்தது. காலையில் எத்தனை பெண்களை ஏற்றினாலும் வண்டி பெரிதாவதில்லை.

கடைசியாக, "வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

ஜூன் 15

கண் திறந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

ஜூன் 17

மரத்தடியில் படுத்ததில் பனி பிடித்து இருமல். செக்யூரிட்டி, "த பாரு தம்பி, அந்தப் பக்கம் போயி இருமு. இங்க எல்லாம் குழந்தைங்க கீது" என்றார். எந்த ஜூன் மாதத்தில் பனி பெய்கிறது என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 20

பேசினாள்! "தண்ணி" என்றாள். பிறகு அம்மாவிடம், "லைன் நின்னுடுச்சா?" என்று கேட்டிருக்கிறாள். மூளை உறையில் நோய், கனவில் லைன்.

மதியம் வார்டுக்குள் அம்மாவின் அலறல் வாசல் வரை கேட்டது. செக்யூரிட்டியைத் தள்ளிவிட்டு ஓடினேன். மூத்திரப் பை முழுக்கச் சிவப்பு. "ரத்தம்டா, ரத்தமா போவுது!" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். சிஸ்டர் எமிலி நிதானமாக வந்து, "மா, அது டி.பி. மாத்திரையோட கலரு. கண்ணீர் கூட அப்படித்தான் வரும். நீ ஏன் வெள்ளையா அழுவுற?" என்றார். பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன். 

சிஸ்டர் போகும்போது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் சளி பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டுமாம். அம்மா உடனே கொடுத்துவிட்டாள். நான் நாளைக்குக் கொடுக்கிறேன்.

ஜூன் 24

ஷூ கம்பெனிக்குப் போனேன். மருத்துவ விடுப்புக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று சாக்கு. உண்மையில் யாரையாவது அடிக்கப் போனேன்.

பணியாளர் அதிகாரி ஏ.சி. அறையில் உட்கார வைத்தார். "இங்கேர்ந்து வந்த நோய்னு எங்கயும் சொல்லாதீங்க தம்பி. எங்க கட்டிங் ஹால் எல்லாம் எக்ஸ்போர்ட் தரம். டி.பி. எல்லாம் வீட்டுலேர்ந்து வர்றது. உங்க பக்கம் வீடுங்க எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கம். எங்கள் காலனியைச் சொல்கிறான். சாதிப் பெயர் சொல்லாமல் சொல்லப் பழகியிருக்கிறான். மேஜையில் இருந்த மாதிரி ஷூவை எடுத்து அவன் முகத்தில் எறிய வேண்டும் போல் இருந்தது. அந்த ஷூவின் தையல் மித்ராவுடையதாகக்கூட இருக்கலாம். எறியவில்லை. நாளை அவள் பிழைத்து வந்தால் இதே வாசலில்தான் நிற்க வேண்டும்.

வெளியே ரெஹானா டீக்கடைப் பக்கம் காத்திருந்தாள்.

"அண்ணா, ஒரு விஷயம். மித்ரா ஒரு மாத்திரை போட்டுக்கினு இருந்தா. உடம்பு போடுறதுக்கு. கன்னம் எப்படி உப்பிச்சு பாத்தீங்க இல்ல?"

பார்த்தேன். பொங்கலுக்குப் பிறகு அவள் முகம் உருண்டையானது. ஓவர்டைம் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று நான்தான் கேலி செய்தேன்.

"யாரு குடுத்தது?"

"மெடிக்கல்ல. ஸ்டாண்டு பக்கத்துல. லைன்ல பாதிப் பேரு வாங்குவாங்க. கல்யாணம் பேசுறவங்க எல்லாம்."

ஜூன் 25

மருந்துக்கடைக்காரன் முதலில் தெரியாது என்றான். சட்டையைப் பிடித்ததும் தெரிந்தது. "யோவ், நான் கூவியா வித்தேன்? உங்கம்மாதான்யா மாசா மாசம் வந்து வாங்கினு போனது. பொண்ணு பாக்க வந்தவங்க எலும்புக்கூடுன்னு சொல்லிட்டாங்க, ரெண்டு சதை வைக்கிற மாதிரி குடுன்னு கேட்டது."

அவனிடம் வாங்கிய மாத்திரை அட்டையை டாக்டர் நிலோஃபரிடம் காட்டினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்து உதட்டைக் கடித்தார்.

"நம்ம ஊர்ல ரொம்பப் பேரோட நுரையீரல்ல இந்தக் கிருமி இருக்கு. சிப்பாய்ங்க சுத்தி நின்னு சிறை வச்சிருப்பாங்க. வாழ்நாள் முழுக்க ஒண்ணும் ஆகாம போறவங்கதான் அதிகம். இந்த மாத்திரையை மாசக்கணக்குல போட்டா சிப்பாய்ங்களுக்குக் கை கால் விழுந்துடும். சிறை திறந்துக்கும்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "முதல்ல அந்தக் கிருமி யார்கிட்டேர்ந்து வந்ததுங்கிறது வேற கேள்வி" என்றார்.

அந்த வேறு கேள்வியை நான் கேட்கவில்லை. எனக்கு ஆள் கிடைத்துவிட்டது.

பார்வையாளர் நேரத்தில் அம்மாவை வாசலுக்கு இழுத்து வந்து, எல்லோரும் பார்க்கக் கத்தினேன். "உன் பொண்ண நீயே வெசம் வச்சி கொன்னுட்ட. அந்த மாத்திரைதான். எவனோ ஒருத்தன் வந்து பலகாரம் தின்னுட்டு எலும்புக்கூடுன்னு சொன்னா, நீ ஆட்டைக் கொழுக்க வைக்கிற மாதிரி வச்சியா? அந்த வெள்ள மாத்திரை இனிமே அவ வாயில போச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 27

அம்மாவோடு பேசுவதில்லை. சாப்பாட்டை செக்யூரிட்டியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டேன். ஆஸ்பத்திரி இட்லி தின்றால் எவனுக்கு இடுப்பில் பேண்ட் நிற்கும்?

ஜூன் 30

மித்ரா எழுந்து உட்கார்ந்தாள். ஊசிகளை நிறுத்தி எல்லாவற்றையும் மாத்திரையாக மாற்றிவிட்டதாக டாக்டர் சொன்னார். "அம்மாகிட்ட எடுத்துச் சொல்லு. இதுல எதையும் சட்டுனு நிறுத்தக் கூடாது. முக்கியமா சிப்பாய்ங்களை அடக்குற அந்தச் சின்னது. கொஞ்சம் கொஞ்சமா நாங்கதான் குறைப்போம். கிருமி சாகச் சாக சிப்பாய்ங்களுக்கு வெறி ஏறும். அது அடங்கிப் போறவரைக்கும் வேணும்."

சரி என்றேன். அம்மாதான் கட்டிலருகே இருக்கிறாள். சிஸ்டர் சொல்லியிருப்பார்.

ஜூலை 3

டேனரிக்குப் போய் முகம் காட்டிவிட்டு வந்தேன். காண்டிராக்டர், "இன்னா ராகுலா, இளைச்சிட்ட?" என்றான். தங்கச்சி கவலை என்றேன். தோலுக்குப் பூச்சு அடிக்கிற ஸ்பிரே பூத் பக்கம் சிவலிங்கம் அண்ணனைக் காணோம். நெஞ்சுச்சளி முற்றியதாம், எக்ஸ்ரே எடுத்தானாம், அத்தோடு வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். பதினைந்து வருடம் அந்தப் புகையில் நின்றவன். எக்ஸ்ரே எடுத்ததுதான் அவன் செய்த குற்றம்.

எங்கள் அப்பா எடுக்கவே இல்லை. மூச்சு வாங்குது, மூச்சு வாங்குது என்றே போய்ச் சேர்ந்தார்.

ஜூலை 5

மறுபடி தலைவலி. வாந்தி.

ஜூலை 6

வலது கண் இமை தானாகத் தொங்குகிறது. காலையில் வலிப்பு வந்திருக்கிறது. கட்டிலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கூடவே ஓடினேன், கதவு மூடிக்கொண்டது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

டாக்டர் நிலோஃபர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், உள்ளே இடமில்லாமல் இருந்தது.

"மருந்து வேலை செய்யலையா?"

"கிருமி மருந்து வேலை செய்யுது. இது சிப்பாய்ங்க. மொத்தமா வந்து இறங்கியிருக்காங்க. இந்த நேரத்துல இவ்ளோ வரக் கூடாது." அம்மாவிடம் குனிந்தார். "அம்மா, மாத்திரை எல்லாம் தவறாம குடுத்தீங்களா?"

அம்மா தலையாட்டினாள்.

"அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை?"

அம்மா மறுபடி தலையாட்டினாள். ஆனால் அவள் கை இடுப்புக்குப் போனது. முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டது.

நான் பார்த்துவிட்டேன்.

டாக்டர் உள்ளே போனதும் அவள் முன் மண்டியிட்டேன். பதினோரு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. "அவுரு."

"இன்னாத்த?"

"முடிச்ச அவுரு மா."

அவிழ்த்தாள். வியர்வையில் ஓரம் கரைந்த சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"அதே மாத்திரைடா," என்றாள். "எனக்குத் தெரியாதா? மாசா மாசம் என் கையால வாங்கினு வந்தது. இதே அளவு, நடுவுல இதே கோடு. திருப்பியும் என் பொண்ணுக்கு இத்தையே குடுக்கிறாங்க. டாக்டரம்மாவாண்ட சொன்னா நான் வாங்கிக் குடுத்தது போலீசுக்குப் போவுமோன்னு... நீதானடா சொன்ன, இது வெசம்னு. வாயில போனா மனுசனா இருக்க மாட்டேன்னு நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சொல்ல வேண்டிய மற்றதைச் சொல்லாமல் வேப்பமரத்தடியில் கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரைகளை எதில் அள்ளுவது என்று தெரியவில்லை. பையில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதில் போட்டு எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

டாக்டர் வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணை ஒருமுறை இறுக்கி மூடித் திறந்து, "எமிலி, ஊசி. பழைய டோஸ்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு டப்பாவைத் திருப்பினார். அதில் சிஸ்டர் எமிலியின் கையெழுத்தில் என் பெயர்.

"இது சளி டப்பா இல்ல?"

"ஆமா."

"இன்னும் குடுக்கலையா நீ?"

"இல்ல."

அவர் என் சட்டைக் காலரையும் அதற்குள் தெரிந்த எலும்பையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 7

மித்ராவுக்கு நினைவில்லை.

ஜூலை 8

நினைவில்லை. அம்மாவும் நானும் குடிக்க ஒரே டம்ளரில் டீ வாங்கினோம். பாதி குடித்ததும் நான் டம்ளரை அவளிடம் தராமல் கீழே வைத்தேன். அவள் வேறு டம்ளர் வாங்கி வந்தாள்.

ஜூலை 9

தலைக்குள் தேங்கும் நீரை வடிக்கக் குழாய் வைக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். நாளை பார்த்துச் சொல்வார்களாம்.

பயமாக இருக்கிறது. இதை எழுத இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது. மாடு போட்ட அட்டையை மூடினாலும் பயமாக இருக்கிறது. அவள் மண்டைக்குள் சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்கும் கூட்டத்தை நினைக்கிறேன். அவளைக் காப்பாற்றத்தான் வருகிறார்கள். வந்த வேகத்தில் அவளையே மிதிக்கிறார்கள். அந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும். மருந்துக்கடையில் சட்டையைப் பிடித்தவன். வார்டு வாசலில் கத்தியவன்.

ஜூலை 10

குழாய் இன்றைக்கு வேண்டாம் என்றார்கள். இன்றைக்கு என்று அழுத்திச் சொன்னார்கள்.

ஜூலை 13

சொன்னால் விரலை அழுத்துகிறாள். இடது கை மட்டும்.

ஜூலை 17

மித்ராவை வார்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். வலது இமை இன்னும் பாதிதான் ஏறுகிறது. வலது கை தூக்க வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் கை இல்லாமல் மிஷினில் உட்கார முடியாது. ஏ.சி. அறைக்காரன் அதை ஒரே வரியில் முடித்துவிடுவான்.

அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை.

"குடு மா," என்றேன். "இதான் இப்ப அவளக் காப்பாத்துது."

"அதேதானேடா?"

"அதேதான். அப்ப காவலுக்கு நின்னவன சாய்ச்சுச்சு. இப்ப அடிச்சுக்கிறவனப் புடிச்சு உக்கார வைக்குது."

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மித்ராவின் நாக்கில் வைத்து, தண்ணீர் புகட்டி, விழுங்கும் வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன். முடியாமல் கட்டிலுக்கு முதுகைக் காட்டி, கைக்குட்டையில் இருமினேன். அது அடங்க நேரமாகியது.

திரும்பியபோது மித்ரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரை இல்லை. என்னை. அவள் நாக்கு இன்னும் குழறுகிறது. சொல்லைத் தேடித் தேடி எடுத்தாள்.

"இன்னும்... இருமினேதான்... கீறியாடா?"

அம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வீட்ல... உனக்கு... அந்த அட்டைத் தடுப்புக்கு... அந்தாண்ட... என் பாயி. தெனம்... கேக்கும்," என்றாள். "தல... வலிக்கிறதுக்கு... முன்னாடி... எல்லாம்."

ஜூலை 18

காலையில் எதுவும் சாப்பிடாமல் சளி பரிசோதனை ஜன்னலுக்குப் போனேன். சிஸ்டர் எமிலி புது டப்பா கொடுத்தார். பெயர் எழுதப் போனவரிடம் வாங்கி நானே எழுதினேன். கட்டடத்தின் பின்னால் திறந்தவெளியில் நின்று, ஆழமாக மூச்சிழுத்து, இருமி, துப்பி, மூடியை இறுக்கினேன். கைக்குட்டையில் பார்க்கிற அதே நிறம். புதிதாக ஒன்றும் இல்லை.

அம்மா வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஜன்னலுக்குள் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"வீட்ல யாருக்காவது டி.பி. இருக்கா?"

"தங்கச்சிக்கு. மூளையில."

அவர் நிமிர்ந்தார். "உனக்கு இருமல் எப்பலேர்ந்து?"

ஆஸ்பத்திரி வந்த பிறகு, பனி பிடித்து, என்று வாய் தானாக ஆரம்பித்தது. வேலை போய்விடும் என்பதும் நினைவுக்கு வந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். இறுக்கவில்லை. சும்மா பிடித்தாள்.

"போன தீபாவளிலேர்ந்து," என்றேன்.